ஏழாம் நம்பர்

"ஐ டோல்ட் ஹிம் எ லை!"

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஆபீஸில் 'கம்ப்ளெயிண்ட்' என்று கூப்பிடப்படுகிறவர் கணீரென்று சொன்னார். அவரிடம் நான் ஒரு பொய் சொன்னேன் என்று அர்த்தம். சொன்ன பொய்யை இத்தனை பெருமையாக அறிவித்த மனிதர் வேறு யாராவது இருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

"வெரி குட், நாலாம் நம்பர்!" என்றார் மறுமுனையில் இங்கிலீஷ் டீச்சரம்மா. "முதல்ல செயல், அப்புறம் ஆள், அப்புறம் பொருள். சொன்னேன், அவருக்கு, பொய். இதே மாதிரி இன்னும் ரெண்டு சொல்லுங்க பாப்போம்."

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் போன் எடுத்துப் புகார் வாங்குகிற வேலை நாலாம் நம்பருக்கு. 'கம்ப்ளெயிண்ட்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் நாற்காலி ஒன்று காலியாகியிருந்தது. திங்கட்கிழமை மேனேஜர் ஒரு பெயரைச் சொல்லப் போகிறார். இங்கிலீஷ் பேசத் தெரியாதவன் பெயரைச் சொல்லாதே என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அதனால்தான் இந்த வயதில் போனில் பாடம்.

வகுப்பில் யாரும் முகம் காட்டுவதில்லை, பெயர் சொல்வதில்லை. எல்லோரும் வெறும் நம்பர்கள். மானம் போகக் கூடாதே என்று டீச்சரம்மா செய்த ஏற்பாடு. ஆனால் அந்த அம்மாவுக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. "புத்தகத்துல இருக்கற உதாரணம் நாக்குல ஒட்டாது. உங்க வீட்டுல, உங்க ஆபீஸ்ல நடந்ததைச் சொல்லுங்க!" அவர் புண்ணியத்தில் பல குடும்பங்களின் வண்டவாளம் தினமும் மாலையில் தண்டவாளம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஐ சென்ட் ஹிம் எ போட்டோ," என்று கம்ப்ளெயிண்ட் தொடர்ந்தார். மாமனாருக்கு ஆபரேஷன் என்று மேனேஜரிடம் லீவு வாங்கிக்கொண்டு, அதே மாமனாரோடு சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்த விஷயம் அது. ஆதாரத்துக்கு ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவின் படத்தை அனுப்பியிருந்தார்.

"பிரமாதம்! இன்னும் ஒண்ணு?"

"ஐ கால் ஹிம் எ ஸ்டக் லிஃப்ட்!"

"அப்படின்னா?"

"மாட்டிக்கிட்ட லிஃப்ட், டீச்சர். எங்க மேனேஜரு. மேலயும் போக மாட்டாரு, கீழயும் இறங்க மாட்டாரு. நடுவுல நின்னுக்கிட்டு நம்ம உயிரை எடுப்பாரு."

நம்பர்கள் எல்லாம் சிரித்தன. ஏழாம் நம்பர்தான் அதிகம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ப்ளீஸ் க்ளோஸ் த..." என்று ஆரம்பித்து அப்படியே அறுந்துபோனது.

கம்ப்ளெயிண்ட் போனைச் சட்டென்று காதோடு ஒட்டிவைத்துக்கொண்டார்.

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். மேனேஜர் அறையில் மாதிரிக்கு மாட்டிவைத்திருக்கும் லிஃப்ட் பொத்தான் பலகையில் பதிவான குரல். யாராவது அறைக்கதவைத் திறந்தால் அந்த அம்மாள் 'கதவைச் சாத்துங்கள்' என்று இங்கிலீஷில் கெஞ்சுவாள். 'டோர்' என்ற கடைசி வார்த்தை மட்டும் வராது. ஊர் லிஃப்டையெல்லாம் சரிபண்ணும் கம்பெனிக்கு இதைச் சரிபண்ண நேரம் கிடைக்கவில்லை. உலகத்தில் வேறெங்கும் அந்த அம்மாள் இப்படிப் பாதியில் நிற்க வாய்ப்பே இல்லை.

அப்படியானால் ஏழாம் நம்பர் மேனேஜர்! அட, அவருக்கும் இங்கிலீஷ் வராதா? யோசித்துப் பார்த்தால் 'யெஸ் யெஸ்', 'ஓகே ஓகே' தவிர அவர் வாயிலிருந்து வேறெதுவும் வந்ததாக நினைவில்லை.

உடனே சமாளித்தாக வேண்டும். "டீச்சர், இன்னும் ரெண்டு இருக்கு! ஐ கிவ் ஹிம் ரெஸ்பெக்ட்! ஹி கிவ்ஸ் மீ அட்வைஸ்!"

"இருங்க, இருங்க. பொய் சொன்னதும் இவர்கிட்ட, மரியாதை குடுக்கறதும் இவருக்கா? யாரு இந்த 'ஹிம்'? ஒரே ஆளா?"

"இல்ல டீச்சர்! வேற வேற ஆளு!"

"அப்ப பொய் சொன்னது யார்கிட்ட?"

வாய்க்கு வந்த முதல் ஆளைச் சொன்னார். "மை ஃபாதர் இன் லா!"

கதவு படாரென்று திறந்தது. மனைவி நின்றிருந்தாள்.

"எங்கப்பாவையா மாட்டிக்கிட்ட லிஃப்டுன்னு சொன்னீங்க?"

"ஐயோ, உனக்கு எப்படி... உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே?"

"எங்கப்பாவைப் பத்தி எந்த பாஷையில பேசினாலும் எனக்குப் புரியும். அவர்கிட்ட என்ன பொய் சொன்னீங்க? இப்பவே சொல்லுங்க!"

வகுப்பு மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. கம்ப்ளெயிண்ட் பதறிப்போய் போனை அணைத்தார். பிறகு மனைவியிடம் நடந்ததையெல்லாம் ஒப்பித்தார். ஒப்பித்த பிறகுதான், ஆரோக்கியமாக இருக்கும் தன் தகப்பனாரைக் கணவர் ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்த செய்தி அவளுக்குத் தெரியவந்தது. அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஹாலிலிருந்து மாமனார் எழுந்து வந்தார். அவருக்கு எல்லாமே கேட்டிருந்தது, ஆனால் எல்லாமே பாதிதான் கேட்டிருந்தது.

"இதுக்கா மாப்பிள்ளை இந்த அழுகை? எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லியிருக்கீங்க, அவ்வளவுதானே? நாளைக்கு நானே வந்து அந்த மேனேஜர் முன்னாடி நோயாளியா நிக்கறேன்."

"மாமா, நான் சொன்னதை அவரே காதால கேட்டுட்டாரு."

"காதுல விழுந்தது காத்தோட போயிடும். கண்ணால பாத்தாத்தான் நிக்கும். எனக்கும் வீட்டுலயே உக்காந்து போரடிக்குது."

மூழ்குகிறவனுக்கு யோசனையைத் தரம் பார்க்க நேரமிருக்குமா? கம்ப்ளெயிண்ட் சரி என்றார்.

மறுநாள் காலை லிஃப்ட் கம்பெனியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இது அங்கே புதிதல்ல. மாமனார் நோயை மறந்துவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். மாப்பிள்ளை கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து வந்து சேர்ந்தபோது, அவர் மேலே அட்டெண்டரோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தார்.

"சார் உள்ளதான் இருக்காரு, போங்க," என்றார் தலை நரைத்த அட்டெண்டர். "நான் டீ எடுத்துட்டு வரேன்."

மாமனாருக்கு அப்போதுதான் நோய் ஞாபகம் வந்தது. இருமிக்கொண்டே மாப்பிள்ளை தோளில் பொத்தென்று சாய்ந்தார். கதவு திறந்ததும், "ப்ளீஸ் க்ளோஸ் த..." என்று அந்த அம்மாள் கெஞ்சினாள்.

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "அடடா, வாங்க பெரியவரே, உக்காருங்க! ஆபரேஷனெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"ஆபரேஷனா?" மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கா? மாப்பிள்ளை, வெறும் காய்ச்சல்னு நெனச்சுல்ல இருமிக்கிட்டே வந்தேன்! எங்க ஆபரேஷன்? வயித்துலயா, முதுகுலயா? முன்னாடியே சொல்ல வேண்டாமா?"

மேனேஜரின் புருவம் மேலே போயிற்று. அப்படியே நின்றது.

கம்ப்ளெயிண்ட் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இதற்குமேல் மறைப்பதில் அர்த்தமில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, தெரியாதவர் போல ஆபரேஷனைப் பற்றி விசாரிக்கிறாரே, என்ன அழுத்தம் பாருங்கள் இந்த மனிதருக்கு!

"சார், மன்னிச்சிருங்க சார். நாலாம் நம்பர் நான்தான் சார்."

"எந்த நாலாம் நம்பர்?"

"பரவால்ல சார், நடிக்காதீங்க, எனக்கு இன்னும் வேதனையா இருக்கு. நேத்து நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆபரேஷன் பொய். அந்த போட்டோவும் பொய். அன்னிக்கு மாமாவும் நானும் கிரிக்கெட் பாத்தோம்."

"நல்ல மேட்ச்," என்றார் மாமனார்.

மேனேஜர் மெதுவாக உட்கார்ந்தார். "ம். மேல சொல்லுங்க."

"மாட்டிக்கிட்ட லிஃப்டுன்னு சொன்னதும் நான்தான் சார்."

"யாரை?"

"உங்களைத்தான் சார். எங்க செக்‌ஷன் முழுக்க அப்படித்தான் கூப்பிடுது. ஆனா பேரு வச்சது நான்."

"ஏன் அந்தப் பேரு?"

அதையும் விளக்கினார். மேலேயும் போகாதது, கீழேயும் இறங்காதது, நடுவில் நிற்பது, ஒன்றையும் விடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் பாவம், ஒரு முறை கத்திவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"சூப்பர்வைசருக்கு உங்க பேரைத்தான் சொல்றதா இருந்தேன்," என்றார் கடைசியில். "புகார் சொல்றவங்ககிட்ட இவ்வளவு பொறுமையா பேசற ஆளு வேற யாரும் இங்க இல்ல. அந்தப் பொறுமை வீணாப் போகக் கூடாது. திங்கட்கிழமையிலேருந்து மெக்கானிக்கோட லிஃப்ட் நின்ன இடத்துக்கே போயிடுங்க. உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு, லிஃப்ட் சரியாகற வரைக்கும், வெளியில நின்னு தைரியம் சொல்ற வேலை. இப்ப போகலாம்."

கம்ப்ளெயிண்டுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் காதில் போனை அழுத்திக் காத்திருந்த நாற்காலி அது. வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். மாமனார் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்.

"எல்லாம் அந்த ஏழாம் நம்பரால வந்தது மாமா," என்றார் கம்ப்ளெயிண்ட், மூக்கை உறிஞ்சியபடி. "அவரு மட்டும் அந்த கிளாஸ்ல இல்லாம இருந்திருந்தா..."

டீத் தட்டோடு நின்றிருந்த அட்டெண்டரின் முகம் மலர்ந்தது.

"அட, நாலாம் நம்பர் நீங்கதானா சார்? ஏழு நான்தான், மேனேஜர் சார் வீட்டுக்குக் கிளம்பினதும் அவரு ரூம் ஏசியில உக்காந்துதான் கிளாஸ் கேப்பேன். நீங்க சொன்னதெல்லாம் பாடத்துக்காகக் கட்டிவிட்ட கதைன்னு நெனச்சு விழுந்து விழுந்து சிரிச்சேன் சார்!"