ஆங் பாயின் பதினெட்டு நிமிடம்

திருத்தணியில் அடுத்தவர் பேச்சை முழுசாகக் கேட்கிறவர்கள் அந்தக் காலத்தில் இரண்டே பேர். ஒருவர் மலைமேல் இருக்கிறார். கிருத்திகைக் கூட்டத்தில் அவருக்கே கொஞ்சம் கவனம் சிதறும் என்பது என் சந்தேகம். இன்னொருவர் அரக்கோணம் சாலையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்த ஆங் பாய். அவர் கவனம் சிதறி நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பெயர் அவருக்கு வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அவர் கடைக்கு எதிரே நான் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். ஆறு கம்ப்யூட்டர், அதில் நாலு வேலை செய்யும். ஒருநாள் பாய் தீப்பெட்டி அளவில் ஒரு எம்.பி.த்ரீ பிளேயரை நீட்டி, பழைய பாட்டு ஏற்றித் தரச் சொன்னார். அவர் கேட்ட பாட்டு கிடைக்கவில்லை. வெறும் பிளேயராகத் திருப்பித் தர மனசு வராமல், நான் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த ஒரு பாட்காஸ்டை ஏற்றிக் கொடுத்தேன்.

எங்கோ பனி கொட்டும் தேசத்தில் தனியாக இருக்கும் ஒரு தமிழர், ஞாயிற்றுக்கிழமை தோறும் மைக் முன்னால் உட்கார்ந்து பேசி இணையத்தில் போட்டுவிடுவார். ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது, பக்கத்து வீட்டு நாய் தன்னை முறைத்தது, இவ்வளவுதான் விஷயம். பாட்காஸ்ட் என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கே அரைகுறைதான்.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் பாய் வந்து நின்றார்.

“இன்னா தங்கச்சி இது, ரேடியோவா?”

“இல்லிங்க பாய். அவரு பேசி வெச்சிட்டாரு. நீங்க எப்ப வேணா கேட்டுக்கலாம்.”

“எனக்கோசரம் பேசி வெச்சிகிறாரா?”

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பாய்க்குக் கல்யாணம் ஆகவில்லை. சொந்தம் என்று இருந்தது சவுதியில் ஒரு தம்பி. அவர் மாதம் ஒருமுறை போன் செய்து, “நல்லாகீறியா? நானும் நல்லாகீறேன்” என்று சொல்லி வைத்துவிடுவார்.

“கூடப் பொறந்தவன் ரெண்டு நிமிஷம் பேச மாட்டேன்றான். யாரோ ஒர்த்தரு, இருவது நிமிஷம் குந்திகினு பேசுறாரு பாரு,” என்றார் பாய்.

எங்கள் பக்கம் ஒருவர் பேசினால் எதிரில் இருப்பவர் ‘ஆங்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால், பேசுகிறவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். பாய் இந்த மரியாதையைப் பிளேயருக்கும் குறைவில்லாமல் செய்தார். காதில் இயர்போன், கையில் ஸ்பேனர், வாயில் “ஆங்… ஆங்… அப்புறம்?”

“பாய், நீங்க சொல்றது அவருக்குக் கேக்காது!” என்று கத்திப் பார்த்தேன்.

“கேக்கலன்னா இன்னா? மன்சன் பேசசொல்லோ மூஞ்ச தூக்கிகினு குந்தியிருந்தா அது மரியாதையா?”

இதனால் ஊருக்கு நேர்ந்த கஷ்டங்களை எழுதினால் இந்த இதழ் போதாது. பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஒருவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாய் குனிந்து வேறொரு வண்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“பாய், பெரிய வேலையா?”

“ஆங்.”

“இஞ்சின் பூட்ச்சா?”

“ஆங்.”

“அப்ப காயலாங்கடையில போட்ற வேண்டிதானா?”

அந்த நேரம் பனி தேசத்தில் ரசம் பொங்கியிருக்க வேண்டும். “ஆங்… ஆங்… அடடா!” என்றார் பாய், மிகுந்த துக்கத்தோடு. வியாபாரி கண் கலங்கி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் கழித்து விஷயம் தெரிந்து, பாய் தானே காயலாங்கடைக்கு ஓடி வண்டியை மீட்டு வந்தார். போயிருந்தது கிளட்ச் ஒயர் மட்டும்தான்.

திங்கட்கிழமை வந்தால் பாய் என் சென்டரில் இருப்பார். ஒரு பாட்காஸ்ட் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். தொண்ணூறு சதவீதத்தில் கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. பாய் முகம் சுளித்ததில்லை. ஊரிலிருந்து வரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல வாசலையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பார்.

அப்புறம் ஒரு வாரம், பனி தேசத்துக்காரர், “யாராவது கேக்குறீங்களான்னே தெரியல, சரி, பார்ப்போம்,” என்று முடித்தார். அடுத்த திங்கள் புதிதாக எதுவும் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை.

“இன்னிக்கும் வர்லியா?”

“வர்லிங்க பாய்.”

ஒன்பது திங்கள் இப்படிப் போயின. பாய் பழையதையே போட்டுக் கேட்டார். ஆங் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பத்தாவது திங்கள் வந்து, “தப்பு நம்பள்துதான் தங்கச்சி. ஆங் கொட்னது அவர் காதுக்குப் போவல. அதான் எய்ந்து போய்ட்டாரு,” என்றார்.

“மெயில் அனுப்பலாம் பாய். என்ன எழுதட்டும்?”

“எய்துனா எப்பிடி? காகிதம் ஆங் கொட்டுமா?”

மூன்றாம் நம்பர் கேபினில் உட்காரவைத்து மைக்கைக் கொடுத்தேன். கடைசியாக வந்த பேச்சை இயர்போனில் ஓடவிட்டு, அதற்குப் பதினெட்டு நிமிடம் ஆங் கொட்டினார். இடையிடையே “அய்யய்யோ”, “அப்புறம்?”, “அந்த நாய வுடாத!” பக்கத்து கேபின்களில் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர்கள் சிரித்து உருண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவு ஒரே மெயிலில் போகாததால், ஆறு துண்டாக்கி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கள், புதுப் பேச்சு வந்தது. இயர்போனில் ஒரு முனை பாய் காதில், ஒரு முனை என் காதில். அதில் முதலில் கேட்டது, நாங்கள் அனுப்பிய பதிவிலிருந்து பாயின் குரல்: “ஆங்.” பிறகு ஒரு செருமல்.

“திருத்தணி அண்ணே, மொத்தமும் கேட்டேன். இந்த ஊருக்கு வந்து இவ்வளவு நேரம் எனக்கு யாரும் உம் கொட்டினதில்ல. சரி, ரசத்துக்கு என்ன ஆச்சுன்னா…”

அங்கே நிறுத்தினார். ஒன்றும் பேசாமல் காத்திருந்தார்.

“ஆங், சொல்லு நைனா!” என்றார் பாய். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், அவர் ஒவ்வொரு பேச்சிலும் பாயின் ஆங்குக்கு அப்படி இடம் விட்டு விட்டுத்தான் பேசினார். இப்போது என் போனில் பாட்காஸ்டுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் மூச்சு விடாமல் பேசுகின்றன. பாய் காலமாகி நாலு வருடம் ஆகிறது. பனி தேசத்துக்காரரின் பழைய பேச்சுகள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன. புதிதாகக் கேட்கிறவர்கள் நடுநடுவே வரும் மௌனத்தைப் பதிவில் உள்ள கோளாறு என்று நினைத்துத் தள்ளி ஓட்டுவார்கள். நான் ஓட்டுவதில்லை. என்னையும் மீறி வாய் வரை ஒரு ஆங் வந்துவிடும், அடக்கிக்கொள்வேன். அந்த இடம் பாயுடையது.