நாலு காலியும் ஒரு ஹார்னும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூடி வைத்திருக்கும் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. ஏழு வயதில் அலாரம் கடிகாரம், பத்தில் ரேடியோ, பன்னிரண்டில் அம்மாவின் தையல் மெஷின். திறப்பேன், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்ப்பேன், திரும்ப மூடுவேன். மூடிய பிறகு இரண்டு ஸ்க்ரூ மிச்சமிருக்கும். (இப்படிப்பட்ட பெண் இன்ஜினியரிங் சேர்ந்திருப்பாள் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. பி.காம்.)

இது நடந்தபோது எனக்கு இருபது வயது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். சரோஜினி நகர் கவர்மென்ட் குவார்ட்டர்ஸில் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். அப்பா மத்திய அரசு ஆபீஸில் அசிஸ்டென்ட், அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்கும் பாளையங்கோட்டைப் பக்கம். டெல்லிக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் வாயில் திருநெல்வேலித் தமிழ் அப்படியே இருந்தது. நடுநடுவே ஒரு 'அச்சா', ஒரு 'ஜல்தி' மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன.

வீட்டில் நாலாவது ஆள் அப்பாவின் மோட்டார் சைக்கிள். என்னைவிட மூத்தது. உருண்டை ஹெட்லைட், கனத்த டேங்க், உதைத்து ஸ்டார்ட் செய்தால் அடுத்த பிளாக் வரைக்கும் கேட்கும். கல்யாணமாகி ஊரிலிருந்து வந்த அம்மாவை ஸ்டேஷனிலிருந்து அப்பா அழைத்து வந்தது அதில்தான். அதே வண்டியில் ஏற மாட்டேன் என்று அம்மா சபதம் எடுத்ததும் அப்பாவால்தான்.

எனக்கு அப்போது இரண்டு வயது, பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். கோல் மார்க்கெட் ரவுண்டானாவில் வண்டி நெரிசலில் நின்றபோது அம்மாவின் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. எடுக்க இறங்கியிருக்கிறாள். அப்பா அதைக் கவனிக்காமல் கியரைப் போட்டுப் போய்விட்டார். போனதுகூடப் பெரிசில்லை. சரோஜினி நகர் வரைக்கும் பின்சீட்டோடு பேசிக்கொண்டே வந்திருக்கிறார். ஆபீஸ் புரமோஷன் பற்றி அபிப்பிராயம் வேறு கேட்டிருக்கிறார். அம்மா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, "நீ ஒண்ணும் சொல்லலியே, அதான் உனக்கும் சம்மதம்னு நெனச்சேன்" என்றாராம். அத்தோடு சரி. பதினெட்டு வருஷம் அம்மா அந்த வண்டியில் கால் வைக்கவில்லை. அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பின்சீட்டைத் துடைத்து வைத்துவிட்டு, சர்ச்சுக்குத் தனியாக வண்டியில் போவார். நானும் அம்மாவும் ஆட்டோவில் போவோம்.

அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சர்ச்சில் ஸ்தோத்திர ஆராதனை. அப்பா மாசக்கணக்கில் கெஞ்சி ஒரு வரம் வாங்கினார். "அன்னைக்கு ஒரு நாள் ஏறுதேன். அதுவும் ஒரு தடவதான். பாதில விட்டுட்டுப் போனா அப்பிடியே ஊருக்கு ரயிலேறிருவேன்" என்றாள் அம்மா. அப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த ஒரு நாள் கெட்டால் மறுபடி கேட்க அவருக்கு வாய் வராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன், அதுதான் கொடுமை.

ஏனென்றால் கல்யாண நாளுக்கு முன்னால் இரண்டு வாரம் அப்பா ஊருக்குப் போக வேண்டி வந்தது. வண்டிச் சாவி ஆணியில் தொங்கியது. டெல்லி ரோடெல்லாம் அப்போது புது ஸ்போர்ட்ஸ் பைக்குகள் பறக்க ஆரம்பித்திருந்தன. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், படுத்துக்கொண்டு ஓட்டுகிற ஹேண்டில், பின்பக்கம் வானத்தைப் பார்க்கிற சீட்டு. ஒரு தகட்டை இரண்டு கட்டை கவ்வினால் அவ்வளவு பெரிய வண்டி எப்படி நிற்கிறது? எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. அதை இந்தக் கிழட்டு வண்டியில் மாட்டினால் என்ன ஆகும் என்பது அதைவிட அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தது. அம்மாவின் பாதுகாப்புக்காகத்தான் நல்ல பிரேக் போடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (ச்சீ, என்ன நடிப்பு!)

கரோல் பாக்கில் விபத்தில் அடிபட்ட பைக்குகளின் பாகங்களை விற்கும் பல்பீர் பாஜி என்ற சர்தார்ஜி இருந்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், டிஸ்க், சக்கரம், ஹேண்டில், சுவிட்சுகள், சீட்டு எல்லாம் ஒரே பைக்கிலிருந்து கழற்றித் தந்தார். பழைய வண்டியின் கழுத்தில் புது ஃபோர்க் உட்கார்வதற்கு லேத்தில் ஒரு புஷ் வளையம் கடைந்து கொடுத்தார். "மகளே, மாட்டப் போவது யார்?" என்றார். "நான்தான்" என்றேன். டர்பனுக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டே என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

வீட்டுப் பின்கட்டில் பத்து நாள் வேலை. அம்மா டியூட்டிக்குப் போகும்போது எட்டிப் பார்ப்பாள். "உங்கப்பா வந்து பாத்தா நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காருவாரு. பிரஷர் பாக்க நான் வேணும்னா லீவு போடுதேன்" என்பாள். எனக்கு எதுவும் காதில் விழாது. ஃபோர்க்குக்குள் எண்ணெய் இருக்கிறது, எண்ணெய்க்குள் ஸ்பிரிங் இருக்கிறது என்று கண்டுபிடித்த அன்று சாப்பிடக்கூட மறந்தேன். பிரேக் லீவரை அழுத்தினால் டியூபில் இருக்கும் எண்ணெய் போய்க் கட்டையைத் தள்ளுகிறது! அவ்வளவுதான் ரகசியம்! அதை முப்பது தடவை அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

மிச்சமிருந்தது ஒயரிங். இங்கேதான் என் தமிழ்ப் படிப்பு என்னைக் கவிழ்த்தது. நான் புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஹிந்தி மளமளவென்று பேசுவேன், எழுத வேண்டும் என்றால் நத்தை. அதனால் யார் ஹிந்தியில் என்ன சொன்னாலும் தமிழில்தான் குறித்துக்கொள்வேன். பல்பீர் பாஜி ஒவ்வொரு ஒயராகக் காட்டிச் சொல்லச் சொல்ல, நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் கடைசி இரண்டு வரி இப்படி இருந்தது:

காலி ஒயர் - ஹார்னில் கொடு.
காலி ஒயர் - விட்டுவிடு.

ஹிந்தியில் கறுப்பும் காலி, வெறுமையாய்க் கிடப்பதும் காலி. அவர்கள் வாயில் இரண்டுக்கும் வெவ்வேறு 'க'. காதில் கேட்டால் குழப்பமே இல்லை. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு 'க', அதுவும் எல்லாவற்றுக்கும் பொதுவாக உழைக்கிற 'க'. கையில் ஒன்று கறுப்பு ஒயர், இன்னொன்று எங்கேயும் மாட்டாமல் வெறுமனே தொங்கிய வெள்ளை ஒயர். எது எந்தக் காலி?

போன் செய்து கேட்டிருக்கலாம். பாஜி சிரிப்பார் என்று கௌரவம் தடுத்தது. நானே யோசித்தேன். கறுப்பு என்றாலே வம்பு, அதைத் தொடக் கூடாது, ஆக விட்டுவிட வேண்டியது அதுதான். அப்போது ஹார்னுக்குப் போக வேண்டியது வெள்ளை. என்ன ஒரு தர்க்கம்! டேப் சுற்றி முடித்தேன்.

ஹார்ன் பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. 'பாட்டரி சார்ஜ் ஏறினால் சரியாகிவிடும்' என்று தீர்ப்பு எழுதிவிட்டுக் காலனிக்குள் ஒரு ரவுண்டு போனேன். பிரேக் பிரமாதம். ஆனால் எவனோ ஒருவன் பின்னாலேயே வந்து, நான் வேகம் குறைக்கும்போதெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை ஓரம் ஒதுங்கி வழிகூட விட்டேன். யாரும் முந்திப் போகவில்லை. டெல்லியில் பிரேக் போட்டால் பின்னாலிருந்து ஹார்ன் கேட்பது சகஜம்தானே என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்பா சனிக்கிழமை சாயங்காலம் வர வேண்டிய ரயில் ஞாயிறு காலையில் வந்தது. குளித்து, கோட் போட்டு, பின்கட்டுக்குப் போனார். 

"ஏட்டி மெர்சி, வண்டிய எங்கட்டி?"

"இதாம்ப்பா வண்டி."

அப்பா சுற்றி வந்து பார்த்தார். "இதுல உக்காரணுமா, படுக்கணுமா?"

"லேசா குனிஞ்சு ஓட்டணும்ப்பா. கால் பிரேக்க இன்னும் சரியா இறுக்கல. கையில முன்பிரேக்க மட்டும் பிடிங்க, அது ஒண்ணே போதும்."

அவருக்குக் கோபப்பட நேரமில்லை. அம்மா பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து வாசலுக்கு வந்துவிட்டாள். ஆட்டோ கூப்பிட்டால் அம்மா கொடுத்த வரம் அத்தோடு முடிந்துவிடும். அப்பா என்னை ஒரு முறை முறைத்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறிப் படுத்தார்.

அம்மா சீட்டை அண்ணாந்து பார்த்தாள். "ஏறுததுக்கு ஏணி போட்டியாட்டி?" என்றாள். நானும் பக்கத்து வீட்டு மாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டோம். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா மேல் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாலு பேர் பார்க்க அவர்கள் இருவரும் தொட்டுக்கொண்டு நான் கண்டதில்லை. நான் பின்னாலேயே ஆட்டோவில் கிளம்பினேன்.

முதல் ஸ்பீடு பிரேக்கரில் அப்பா பிரேக் பிடித்தார். பாஆஆம் என்றது. அதே நேரத்தில் அந்தச் சாய்வுச் சீட்டிலிருந்து அம்மா சறுக்கிக்கொண்டு போய் அப்பா முதுகில் மோதினாள். பிரேக்கை விட்டார், சத்தம் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பின்னால் யாருமே வரவில்லை! அந்த வெள்ளை ஒயர் பிரேக் சுவிட்சிலிருந்து வருவது!

"நிறுத்துங்க அண்ணே, முந்திப் போங்க!" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் நிறுத்துவதா முந்துவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்யவில்லை. "மேடம், அங்கிள் ரொம்ப கோபத்தில் இருக்கிறார் போல" என்று மட்டும் சொன்னார்.

பெரிய சிக்னலில் சிவப்பு. ரோடு கொஞ்சம் சரிவு, பிரேக்கை விட்டால் வண்டி உருளும். அப்பா பிடித்தபடியே நின்றார். சிவப்பு இருந்த அத்தனை நேரமும் ஹார்னும் இருந்தது. முன்னால் நின்ற கார்க்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். டிராஃபிக் போலீஸ்காரர் வந்து கையை ஆட்டிப் பேச ஆரம்பித்தார். மரியாதைக்காக அப்பா பிரேக்கை விட்டார், வண்டி போலீஸ்காரர் பூட்ஸை நோக்கி உருண்டது. பதறிப்போய்ப் பிடித்தார், அவர் முகத்துக்கு நேராகவே பாஆஆம்! அதற்குப் பிறகு போலீஸ்காரர் வாயிலிருந்து வந்தது சுத்தமான டெல்லி வசவு. வசவுக்கும் ஹிந்தியில் காலிதான், அது மூன்றாவது 'க'. கோட் போட்ட என் அப்பா, கல்யாண நாளில், டேங்க் மேல் படுத்தபடியே "ஸாரி, ஸாரி" என்றார். ஆட்டோவுக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சர்ச் வாசலோ ஏறுமேடு. உள்ளே எல்லோரும் தலை குனிந்து மௌன ஜெபத்தில் இருந்த நேரம் பார்த்து அப்பா கேட்டில் வந்து பிரேக் பிடித்தார். இந்த முறை விடவும் முடியவில்லை, விட்டால் அம்மாவோடு பின்னால் உருள வேண்டியதுதான். அந்த எக்காளச் சத்தம் போன போக்கில் கடைசி பெஞ்சுப் பெரியவர் ஒருவர் ஆண்டவர் வந்தேவிட்டார் என்று எழுந்து நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். சபை மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. நான் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிப் போய் வெள்ளை ஒயரைப் பிடுங்கினேன். இனி நாலாவது காலி ஒன்றுதான் பாக்கி, அது நம்மூர்த் தமிழ்க் காலி: மெர்சி காலி.

சத்தம் நின்றது. அப்பா திரும்பி யாரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "இறங்கிக்கிடுதியா?" என்று அம்மாவை மட்டும் கேட்டார்.  அப்போதுதான் கவனித்தேன். அம்மாவின் கைப்பை தோளில் மாட்டியிருந்தது. இரண்டு கையும் அப்பாவின் வயிற்றைச் சுற்றி இறுகக் கோத்திருந்தன. பூ முழுக்க அவர் கோட்டில் உதிர்ந்திருந்தது. சபை பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா உடனே இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா அடுப்படிக்குப் போனதும் அப்பா என்னை நிற்க வைத்தார். "எல்லாத்தையும் கழத்து. பழைய ஹேண்டிலு, பழைய ஃபோர்க்கு, பழைய சீட்டு. ஒண்ணு விடாம, இருந்தது இருந்தபடி இருக்கணும். கேட்டியா?"

"சரிப்பா."

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "மெர்சி, சீட்ட மட்டும் விட்டுரு."

அப்பா காது சிவந்துபோய் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். மறு வாரத்திலிருந்து நான் ஆட்டோவில் தனியாக சர்ச்சுக்குப் போனேன்.

அந்த வண்டி அப்புறம் பல வருஷம், முன்பாதி கிழவனும் பின்பாதி காலேஜ் பையனுமாக ஓடியது. இப்போது அப்பாவுக்குக் கண் சரியில்லை, என் காரில்தான் இருவரையும் அழைத்துப் போகிறேன். பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். சிக்னலில் நான் மெதுவாக, பூப்போல பிரேக் போடுவேன். ஒவ்வொரு தடவையும் அப்பா பின்னாலிருந்து "பாஆஆம்" என்பார். அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொல்வாள்:

"என்ன காருட்டி வாங்கியிருக்க? பிரேக்கு போட்டா ஒண்ணுமே ஆவ மாட்டேங்கு."