பதினொரு ஜாடியும் துவைத்த துணிகளும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். இங்கே நான் இடது கையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நலம்.

இடது கை பச்சையாகிவிட்டது. நேற்று தலைமையாசிரியர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். தோளில் நாடாவை வைத்து அழுத்தினேன், அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் என் ஐந்து விரலும் பதிந்துவிட்டன. "டெய்லரே, அளவெடுக்கச் சொன்னா முத்திரை குத்திட்டீங்களே" என்றார். எல்லாம் நீ கேட்ட எண்ணெயால் வந்தது.

பேத்திக்கு முழங்கை மடிப்பில் ஒரே அரிப்பு, சின்ன வயதில் அம்மா எனக்குக் காய்ச்சித் தடவின எண்ணெயை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். இதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். அலமாரியில் அவளுடைய பதினொரு ஜாடியும் அப்படியேதான் இருக்கின்றன. உனக்கே தெரியும், அவள் எதிலும் பெயர் எழுதமாட்டாள். எந்த மருந்து யாருக்கு முதலில் கேட்டதோ, அவர்களுக்கு நான் தைத்த துணியில் விழுந்த துண்டை அந்த ஜாடியின் கழுத்தில் கட்டிவிடுவாள். அரிப்புக்கு உன் நீலக் கட்டம் போட்ட பள்ளிக்கூடப் பாவாடை. இருமலுக்கு வாட்ச் ரிப்பேர்க்காரரின் கோடு போட்ட சட்டை.

இப்போது உன் அப்பா செய்த காரியத்தைக் கேள். அவள் போய்ச் சேர்ந்து, துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்களும் கிளம்பிய பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது, கை சும்மா இருக்கமாட்டேன் என்றது, துணியெல்லாம் ஒரே தூசி, அவளுக்கு அழுக்கு ஆகாதே என்று பதினொன்றையும் அவிழ்த்து, சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, இஸ்திரியும் போட்டேன். அடுக்கி வைத்த பிறகுதான் எது எந்த ஜாடிக்கு என்று தெரியாமல் போனது உறைத்தது. உள்ளே எல்லாம் இலைப்பொடி. பதினாலு வகைப் பச்சை நூலைப் பிரித்துச் சொல்கிற எனக்கு அது எல்லாம் ஒரே பச்சை. குத்துமதிப்பாகக் கட்டிவைத்தேன். வாட்ச் ரிப்பேர்க்காரர் இருமிக்கொண்டு வந்தார், அவர் சட்டைத்துணி கட்டிய ஜாடியிலிருந்தே கொடுத்தேன். மறுநாள் அவர் மனைவி வந்து, "அண்ணே, ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஓடவைக்கிற மனுஷன் நேத்துலேருந்து நின்னு கிடக்கிறாரு. உலுக்கினா ஒரு இருமல், மறுபடி குறட்டை. என்னத்தைக் குடுத்தீங்க?" என்றாள். நல்லவேளை, சாயங்காலம் எழுந்து காபி கேட்டாராம். அதோடு யாருக்கும் கொடுப்பதில்லை. உனக்காக மட்டும் ஜாடிக்கு ஒரு கரண்டி எடுத்துத் தனித்தனியாகக் காய்ச்சி, என் கையிலேயே பதினொரு கோடு இழுத்துப் பார்த்தேன். அரிப்பே இல்லாத கையில் அரிப்பு மருந்தைத் தேடின முதல் ஆள் உன் அப்பாதான். இப்போது அரிக்கிறது.

ஆகவே எண்ணெய் அனுப்பவில்லை. குழந்தையை டாக்டரிடம் காட்டு. உன் அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை, சரியான அழுத்தக்காரி. ஊர் ஆட்களின் தோளளவு, இடுப்பளவு எல்லாம் என் நோட்டில் இருக்கிறது, செத்துப்போனவர்களுடையதுகூட. அவளோ ஒரு இலையின் பெயரைக்கூட வாய்திறந்து சொல்லாமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் என்னம்மா செய்ய?

நீங்கள் எல்லோரும் மேலுக்குச் சுகமாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். பேத்தியின் கன்னத்தை என் வலது கையாக நினைத்துத் தடவிக்கொடு.

அன்புள்ள
அப்பா

பின்குறிப்பு: அழுத்தக்காரி என்று எழுதியதை நீயே அடித்துவிடு. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவளாகத்தான் கூப்பிட்டாள். "உங்க அளவு நோட்டை எடுங்க. பதினொண்ணையும் வரிசையா சொல்லிடறேன்" என்றாள். நோட்டு கட்டிலுக்கடியில் பையிலேயே இருந்தது. "இப்ப என்ன அவசரம்? வீட்டுக்கு வந்து நீயே காய்ச்சிக்கோ" என்றேன். என் காதில் செருகியிருந்த பென்சிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டை எடுத்தால் அவள் வீட்டுக்கு வரமாட்டாள் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அந்தப் பயம். "சொல்லு, எழுதிக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன்.