பொன்னையன் இறக்கி வைத்த கவலைகள்

இனிமேல் கவலையே படுவதில்லை என்று பொன்னையன் முடிவு செய்தார்.

முடிவு செய்தது ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில், பிரசங்கத்தின் நடுவே. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் பாறசாலை டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அளவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பிரஷர் நல்லா கூடுதலாணு சேட்டா. டென்ஷன் குறைக்கணும். ஒரு மாசம் பார்ப்போம். குறையல்லேன்னா ஆயுசு முழுக்க மாத்திரை."

பொன்னையனுக்குப் பிரஷர் பயமில்லை. மாத்திரைதான் பயம். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, "முன்னால ஏறிப் போ, முன்னால ஏறிப் போ" என்று மூன்று ஊருக்குக் கேட்கக் கத்தி ஓய்வு பெற்ற தொண்டை அது. பட்டாணி அளவு மாத்திரையைக் கண்டால் அப்படியே அடைத்துக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்து அஜேஷ் பாஸ்டர் பிரசங்க பீடத்தில் ஏறினார். சின்ன வயசு. ஆனால் குரல், சாயா ஆற்றுவதுபோல் மெல்ல ஆரம்பித்து இடியில் போய் முடியும். "ஏன் சுமக்கிறீர்கள் ஐயா? ஏன் சுமக்கிறீர்கள் அம்மா? ஏ...ன்? கொடுத்துவிடுங்கள் அவரிடம்!"

பொன்னையனுக்குள் டபுள் பெல் அடித்தது. வாஸ்தவம்தானே? டிரைவர் என்று ஒருத்தர் முன்னால் இருக்கும்போது கண்டக்டர் எதற்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும்?

திங்கட்கிழமை காலையில் அவர் மனைவி பிரசீதா, அங்கன்வாடிக்குப் போகிற அவசரத்தில், ஈரக்கையோடு முன்வாசல் சிட்அவுட்டுக்கு வந்தாள்.

"கேட்டியளா, மோட்டார் தண்ணி எடுக்கல்ல."

பொன்னையன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். "கர்த்தரிட்ட சொல்லியாச்சு."

"கர்த்தர் என்ன, மோட்டார் மெக்கானிக்கா?"

"விசுவாசம் வேணும் பிள்ளே."

"எனக்கு விசுவாசம் உண்டு. தண்ணிதான் இல்ல."

அவள் கிணற்றில் இறைத்து, குளித்து, இவருக்குத் தோசையும் மூடி வைத்துவிட்டு ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை. "வாழை சாயுது. கம்பு வெட்டி முட்டுக் குடுங்க. குலை போயிரும்."

"வாழையைப் படைச்சது ஆரு?"

"நட்டது நானாக்கும்."

"படைச்சவரு பாத்துக்குவாரு."

புதன்கிழமை. "எனக்க அம்மைக்குக் கண்ணு மங்கலா இருக்காம். நெய்யாற்றங்கரைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

"அம்மைக்காக இப்பதான் உருகி ஜெபிச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம். ஆனா நல்லா உருகி."

பிரசீதா அவரைப் பார்த்தாள். கோபமாக அல்ல. உப்புமா போடுகிற நாளில் மட்டும் வயிறு வலிக்கிறது என்று சொல்லும் அங்கன்வாடிப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை. பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு பயந்திருக்க வேண்டும். பொன்னையனோ, தன் விசுவாசம் மனைவிக்கும் தொற்றிவிட்டது என்று மகிழ்ந்துபோனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ரேஷ்மியின் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்து சாட்சி சொல்கிற நேரம் வந்தது. பெற்ற நன்மையை எழுந்து நின்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். பிரசீதா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டு எழுந்தாள்.

"இந்த நல்ல நேரத்துக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்க வீட்டுக்காரருக்கு ஆண்டவர் பெரிய சமாதானம் குடுத்திருக்காரு. மோட்டார் கெட்டுப் போச்சு, அவருக்குக் கவலை இல்ல!"

"ஸ்தோத்திரம்!"

"வாழை சாஞ்சு விழுந்துது, கவலை இல்ல!"

"அல்லேலூயா!"

"எனக்க அம்மைக்குக் கண்ணு தெரியல்ல. அவருக்குக் கொஞ்சம்கூடக் கவலை இல்ல!"

வீடே அதிர்ந்தது. பொன்னையன் பாதி நெஞ்சை நிமிர்த்தினார். மீதிப் பாதி வியர்த்தது.

"இந்தச் சமாதானத்த எங்க வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சா அது பாவமாக்கும். மனசுல பாரம் உள்ளவிய ஆரு வந்தாலும் அவரு இருந்து கேப்பாரு, ஜெபிப்பாரு. எந்நேரம் வேணும்னாலும் வரலாம்."

எந்நேரமுமா? பொன்னையன் வாயைத் திறப்பதற்குள் அஜேஷ் பாஸ்டர் இடிக்குப் போய்விட்டார். "நமக்காக ஒருவரை எழுப்பியிருக்கிறார்! யாரை? பொன்னையன் அண்ணனை!"

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கேட் கிறீச்சிட்டது. ரேஷ்மி.

"பொன்னையண்ணா, எனக்க மருமவ என்னோட மிண்டுறதே இல்ல. காலம்பற எழும்பினா போனு. சோறு தின்னும்போ போனு. நான் ஒருத்தி அங்க இருக்கேனா, இல்ல சுவத்துல பல்லி இருக்கா? ஒரு வார்த்தை கெடையாது அண்ணா!"

"கர்த்தரிட்ட சொல்லு ரேஷ்மி."

"சொன்னேனே! அதுக்குத்தானே அவரு உங்கள காட்டித் தந்திருக்காரு!"

ரேஷ்மி போனதும் ரப்பர் மரத்தில் பால் இல்லாத ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் பால் இருந்தும் விலை இல்லாத ஒருவர். தனுவச்சபுரம் காலேஜில் படிக்கிற மகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஒரு அம்மா. ஏறின படிப்பு இறங்க மாட்டேனென்கிறது, தூங்கவே மாட்டேனென்கிறாள் என்று இன்னொரு அம்மா. மதியம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு கைலாசம் சாரும் வந்துவிட்டார்.

"சார், நீங்களுமா? உங்களுக்குச் சிவன் உண்டே!"

"அவரிட்டயும் சொல்லியாச்சு பொன்னையா. ஒரே எடத்துல மனு குடுத்துட்டு நம்பி இருக்கப்பிடாது. தாலுகா ஆபீஸ்ல படிச்ச பாடமாக்கும்." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "எனக்க ஸ்ரீஹரி கனடாவுல இருந்து போன் விளிச்சு நாளாச்சு. அவனுக்க அம்மைக்கு ஒரு வாய் சோறு இறங்கல்ல."

பொன்னையன் கண்ணை மூடினார். முதல்முறையாக, நாற்காலியில் சாயாமல், நிமிர்ந்து உட்கார்ந்து ஜெபித்தார். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

அன்று அவருக்கும் சோறு இறங்கவில்லை. சொந்தக் கவலையையெல்லாம் இறக்கிவிட்டுக் காலியாக வைத்திருந்த வண்டியில் ஊர்க் கவலை முழுக்க ஏறிவிட்டது. சீட் நிறைந்து, கம்பியில் தொங்கி, படியிலும் நாலு கவலை.

"ஏ பிள்ளே, இவிய வரத்த நிறுத்து. எனக்குத் தலை சுத்துது."

பிரசீதா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஊழியத்த நான் நிறுத்தலாமா? தெய்வதோஷம்."

"அப்ப மாத்திரைதான் எனக்கு."

"நான் என்ன செய்யட்டு? சும்மா இருக்கியவனிட்டத்தான் ஆரும் கவலை சொல்லுவாவ. கையில ஒரு ஜோலியோட நிக்கியவனிட்ட ஆரு வருவா?" என்று பயற்றிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

கால்மணி நேரம் கழித்துப் பொன்னையனுக்கு அருமையான யோசனை ஒன்று உதித்தது. தானாகவே உதித்தது.

சனிக்கிழமை கேட் கிறீச்சிட்டதும் மனிதர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் பாய்ந்தார். அடிவால்வில் பலா இலை ஒன்று சிக்கியிருந்தது. அவ்வளவுதான். இலையை எடுத்தார், தண்ணீர் சீறியது. வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அண்ணன் ஜோலியில இருக்காரு" என்று பிரசீதாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை கேட் சத்தம். விழாமல் மிச்சமிருந்த வாழைகளுக்கெல்லாம் முட்டுக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை சத்தம். மாமியாரைக் கூட்டிக்கொண்டு நெய்யாற்றங்கரைக்கே தப்பித்துவிட்டார். போகும்போதும் வரும்போதும் மாமியார் வாய் மூடவில்லை. அதுகூடத் தாலாட்டுப்போல் இருந்தது. ரேஷன் கடை வரிசையில் ஆசையோடு நின்றார். கூரையில் ஒழுகின ஓடுகளை மாற்றினார்.

ஒரு விசித்திரமும் நடந்தது. கை வேலை செய்யச் செய்ய, வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது. "ஆண்டவரே, ரேஷ்மிக்க மருமவ ரெண்டு வார்த்தை மிண்டணும். அந்தப் பிள்ளை உறங்கணும். ஸ்ரீஹரி விளிக்கணும்." சொல்லச் சொல்லத் தலை லேசானது. சாப்பாடு ருசித்தது. தலையணையில் தலை வைக்கும் முன்பே தூக்கம்.

ஒருநாள் வேலிக்கு மேலே கைலாசம் சாரின் தலை குதித்தது. "எலே பொன்னையா! விளிச்சான் பய! போன் தண்ணியில விழுந்து போச்சாம்! அவனுக்க அம்மை ரெண்டாவது தட்டு சோறு தின்னுட்டிருக்கா!" பொன்னையன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலியோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டார். இருவர் சட்டையும் முள்ளில் கிழிந்தது. யாருக்கும் கவலையில்லை.

மாதம் முடிந்தது. டாக்டர் காற்றடித்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். "நார்மல்! மாத்திரை வேண்டா. என்ன செய்தீங்க சேட்டா?"

"விசுவாசம்," என்றார் பொன்னையன். "அப்புறம் கொஞ்சம் புத்தி."

வருகிற வழியெல்லாம் வியாழக்கிழமைக்கான சாட்சியை மனசுக்குள் தயார் செய்தார். பாறசாலை ஜங்ஷனில் பிரசீதாவுக்குப் பிடித்த ஏத்தங்காய் அப்பம் சுடச்சுட வாங்கினார். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? நான் ஊர்க் கண்ணில் மண்ணைத் தூவின சாமர்த்தியத்தை முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும். அவளைத் திடுக்கிட வைக்கலாமென்று பின்வாசல் வழியாக ஓசைப்படாமல் நுழைந்தார்.

அடுக்களையில் பிரசீதா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா பாஸ்டரே, டாக்டரிட்டத்தான் போயிருக்காரு. குறைஞ்சிருக்கும், தினமும் கண்ணீரோட ஜெபிச்சிட்டு இருக்கேனே... இல்ல இல்ல, சந்தேகமே இல்ல, எல்லாம் சொந்தப் புத்தின்னுதான் நினைச்சிட்டிருக்காரு, இருந்துட்டுப் போகட்டு... நாளைக்கா? நாளைக்கு ஒரு மூணு பேர அனுப்புங்க பாஸ்டரே, கொஞ்சம் பெரிய கவலையா பாத்து. கிணறு தூர்வாரணும்."