எதுக்கும் ஒரு தடவை

எதையும் ஒருமுறை சரிபார்த்தால் போதும் என்று இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் கேஸ் அடுப்பை அணைப்பேன், குனிந்து பார்ப்பேன், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து குமிழைத் தொட்டும் பார்ப்பேன். (தொட்டபோது திறந்துகொண்டிருக்குமோ என்ற சந்தேகம் லிஃப்டில் வரும்.) நிலா பிறந்த பிறகு இந்த வியாதி முற்றிவிட்டது. பெஹாலாவில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் மாலதி மாஷி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனதும், அத்தனையையும் நான் இன்னொரு முறை கழுவுவேன். ஒருநாள் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்த மாஷி, சோப்பும் கையுமாக என்னைப் பிடித்துவிட்டாள்.

"பௌதி, தாஹோலே ஆமாய் ரேகேச்சோ கேனோ?"

அப்படியானால் என்னை எதற்கு வைத்திருக்கிறாய் அண்ணி என்று பெங்காலியில் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். அதே கேள்விக்கு சால்ட் லேக் ஆபீசில், நாலு பேர் முன்னால் பதில் சொல்லப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

நான் கெர்னலில் வேலை செய்பவள். கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிவயிறு. அது நன்றாக இருக்கும்வரை யாரும் அதை நினைப்பதில்லை. பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, மேலாளர் அனிர்பான்தா (இந்த ஊரில் மேலாளரும் 'தா', அதாவது அண்ணன்தான்) கனிவாகச் சொன்னார்: "வித்யா, இந்த டெமோ நல்லா வந்தா நீ கெர்னல் டீம்லயே இரு. வரலைன்னா டாகுமெண்டேஷன்ல ஒரு இடம் இருக்கு. சின்னக் குழந்தை வேற வெச்சிருக்கே, உனக்கும் சௌகரியம்."

அந்த 'சௌகரிய'த்தை இரண்டு வாரம் எனக்குள்ளேயே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

டெமோவின் விஷயம் இதுதான். தகவலைப் பூட்டிவைக்கும் குறியாக்க வேலையைச் சாதாரணமாகப் பிராசசரே, தன் மற்ற வேலைகளோடு சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்யும். சில சிப்புகளில் அதற்கென்றே தனியாக ஒரு குட்டி எஞ்சின் உண்டு. கிட்டத்தட்ட மாஷி மாதிரி. 'இந்த வேலை வந்தால் அவளிடம் கொடு' என்று கெர்னலுக்குச் சொல்லும் டிரைவரை நான் எழுதியிருந்தேன்.

ஆனால் எஞ்சின் தப்பாகப் பூட்டிவிட்டால்? அதற்காகச் சோதனைக் காலத்தில் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். எஞ்சின் பூட்டித் தரும் ஒவ்வொரு துண்டையும் பிராசசரும் தன் பங்குக்கு ஒருமுறை பூட்டும். இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடும். அந்தச் சின்ன நிரல்பகுதிக்கு, டீமில் யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், 'எதுக்கும்_ஒரு_தடவ' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன். டெமோவுக்கு முந்தின நாள் அதை நீக்கினேன். வேகம் அள்ளிக்கொண்டு போனது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நிலாவுக்கு நெற்றி லேசாகச் சுட்டது. தெர்மாமீட்டர் 'ஒன்றுமில்லை' என்றது. மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் அதையே சொன்னது. அவளைக் கிரெஷ்ஷில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறியவளுக்கு உலகத்தில் எதன்மீதும் நம்பிக்கை இல்லை. தெர்மாமீட்டரே பொய் சொல்லலாம் என்றால் எஞ்சின் எம்மாத்திரம்? வண்டி நெரிசலில் நின்ற நேரத்தில் லேப்டாப்பை மடியில் திறந்து, நீக்கியதைத் திரும்பச் சேர்த்தேன். ஆபீசில் அதை போர்டில் ஏற்றி, வேகத்தை அளக்கலாம் என்று உட்கார்ந்தேன். கிரெஷ்ஷுக்கு போன் போடும் நேரமாகிவிட்டது, அளக்காமலே எழுந்துவிட்டேன்.

டெமோ தொடங்கியது. வாடிக்கையாளர் தரப்பில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் வந்திருந்தார்.

"முதலில் எஞ்சின் இல்லாமல்," என்றேன். திரையில், விநாடிக்கு அறுபது மெகாபைட்.

"இப்போது எஞ்சினோடு." குரலில் ஒரு மிடுக்கு வேறு.

நாற்பத்தொன்று.

"ஏ கீ, இது என்ன!" என்றார் அனிர்பான்தா. "உதவிக்கு ஆள் வந்ததும் வேலை மெதுவாப் போகுதே?"

மறுபடி ஓட்டினேன். நாற்பது. டாகுமெண்டேஷன் டீமின் ஜன்னலோர நாற்காலி என் கண்முன் வந்தது. அனிர்பான்தா நிரலைத் திரையில் ஓட்டிக்கொண்டே போய் ஒரு வரியில் நின்றார்.

"எதுக்கும்... ஒரு... தடவ. இது என்ன அல்காரிதம்?"

அல்காரிதம் இல்லை, என் சுபாவம் என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்தது மாஷிதான். பாத்திரம், சோப்பு, குடை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"இத்தனை தடவை ஒப்பிட்டதில் ஒரு தடவையாவது எஞ்சின் தப்பு செய்ததா?"

பதிவைத் திறந்து பார்த்தேன். ஒப்பிட்டவை லட்சக்கணக்கில். தப்பு, பூஜ்யம்.

"அப்புறம் என்னம்மா? அவளை வேலை செய்ய விடு."

அந்த ஒரு வரியை நீக்கி ஓட்டினேன். இருநூற்றுப் பத்து.

கெர்னல் டீமிலேயே இருக்கிறேன். ஆனால் இன்றைக்கும் யார் நிரலில் தேவையில்லாத சோதனை இருந்தாலும் அனிர்பான்தா அந்த வரிக்குப் பக்கத்தில் "எதுக்கும்" என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்புகிறார். அசல் பெங்காலிகள் அதை அழகாக உச்சரிக்கவும் பழகிவிட்டார்கள். வீட்டில் என் கணவர் இந்தக் கதையை முழுசாக மாஷிக்கு பெங்காலியில் நடித்துக் காட்டிவிட்டார். இப்போது கழுவின பாத்திரங்கள் பக்கம் நான் போனாலே, மூன்று வயது நிலா ஓடிவந்து "அம்மா, எதுக்கும்!" என்று கத்துகிறாள். மாஷி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

நானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரிக்கிறேன். மாஷி லிஃப்டில் இறங்கிப் போகட்டும் என்று காத்திருந்து, நிலாவின் பால் டம்ளரை மட்டும் எடுக்கிறேன்.

அதற்கு முன், மாஷி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாளா என்று இரண்டு முறை பார்த்துவிடுகிறேன்.