பிளம்பர் கையெழுத்துப் போடவில்லை

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு, தங்கள் ஒரே தம்பி ஸ்தோத்திரம் சொல்லி எழுதும் கடிதம். தேவ கிருபையால் நானும் என் வீட்டாரும் சுகம். தாங்களும் அண்ணியும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று விசுவாசிக்கிறேன். ஏழு வருடமாக ஒரு போன்கூட இல்லாமல் இருந்துவிட்டு, இப்போது திடீரென்று உறை இவ்வளவு கனமாக வந்திருக்கிறதே, என்ன கெட்ட செய்தியோ என்று தாங்கள் பதற வேண்டாம். இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகப்போவது எனக்குத்தான். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நான் தங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதி, அதை ஒரு பிளம்பர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாவிட்டால் நான் ஃபெயில்.

நடுவில் பிளம்பர் எங்கிருந்து வந்தார் என்று கேட்பீர்கள். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே தலை சுற்றிவிடும். ரயில் நிலைய அறிவிப்பாளர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. எங்கள் சபை ஒரு டயர் கடைக்கு மேலே மாடி ஹாலில் கூடுகிறது. நாற்பது பேர், முப்பத்தாறு நாற்காலி. போதகருக்கு எங்களைப் போல நான்கு சபைகள் இருப்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் யாருக்குத் தொண்டை சரியாக இருக்கிறதோ அவர் ஆராதனை நடத்துவார். இப்போது போதகருக்கு முழங்கால் தேய்ந்துபோய், இருபத்திரண்டு படி ஏறி வந்தால் பத்து நிமிடம் மூச்சு வாங்கிய பிறகுதான் பேச்சே வருகிறது. அவர் என்னைக் கூப்பிட்டு, “உங்க குரலுக்கு நீங்கதான் இதை எடுத்து நடத்தணும். முறையா படிச்சிட்டு நடத்துங்க” என்று சொல்லி, சபைத் தலைவர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி கொடுக்கும் ஒரு கல்லூரியின் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார். ஒரு வருடம், பத்துப் பாடம், செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு. ‘பாடம் கம்ப்யூட்டரில், பக்குவம் ஊரில்’ என்று விண்ணப்பத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்குவம் என்ற இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும்.

அந்த விண்ணப்பத்தில், ‘உள்ளூர் வழிகாட்டி: பெயர், தொலைபேசி எண்’ என்று ஒரு கட்டம். எங்கள் தெருவில் கதவு எண் பதினாலுக்குப் பிறகு முப்பத்தொன்று வரும். பார்சல் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் திணறிப்போய், தெருமுனையில் கடை வைத்திருக்கும் பிளம்பரிடம்தான் வழி கேட்பார்கள். கல்லூரிக்காரர்கள் சான்றிதழைக் கூரியரில் அனுப்புவார்கள் போலிருக்கிறது, வீட்டுக்கு வழி காட்ட ஒரு ஆளைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, பிளம்பர் பெயரையும் நம்பரையும் எழுதிவிட்டேன். ‘இவரை எவ்வளவு காலமாகத் தெரியும்?’ பன்னிரண்டு வருடம். ‘சபை அங்கத்தினரா?’ ஆம், கடைசி வரிசை, போன் வந்தால் எழுந்து போய்விடுவார். ‘உங்கள் தனிப்பட்ட வாழ்க்கையை எந்த அளவுக்கு அறிவார்?’ இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ‘வீட்டில் எல்லா அறைகளுக்கும் வந்திருக்கிறார்’ என்று உள்ளதை எழுதினேன். கல்லூரியில் அதைப் படித்து மிகவும் சந்தோஷப்பட்டார்களாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, ஸ்பானர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அறுபது பக்கக் கையேடு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிளம்பர் வந்து நின்றார்.

“சார், நான் உங்களுக்கு வழிகாட்டியாம். வாரத்துல ஒரு மணி நேரம் உங்ககூட உக்காந்து உங்க ஆவிக்குரிய வாழ்க்கையை விசாரிக்கணும்னு போட்டிருக்கு.”

“அதெல்லாம் சும்மா பேருக்குங்க. கையெழுத்து மட்டும் போட்டுடுங்க.”

“தண்ணி திறந்து விட்டுப் பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடுறதில்ல சார்.”

என் கெட்ட காலம், எந்தக் குழாய்க்கும் மோட்டாருக்கும் வரும் கையேட்டையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஜாதி அவர். உட்கார்ந்தார். “இந்த வாரம் யார்கிட்டயாவது கோவப்பட்டீங்களா?” என்றார். இல்லை என்றேன். சமையலறைக்குள்ளிருந்து, “மூணு பேர்கிட்ட” என்று தங்கள் தம்பி மனைவியின் குரல் வந்தது. பிளம்பர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மூன்று என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து சனிக்கிழமை வந்தாலே வெளியே ஏதாவது வேலை இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிடுகிறேன். அவளுக்கோ வாரத்தில் பிடித்த நாளே அதுதான். நான் செய்கிறதை எல்லாம் காலண்டருக்குப் பின்னால் பென்சிலால் குறித்துவைத்து, டீயோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள்.

மாணவரை அவருடைய இயல்பான சூழலில் கவனிக்கவும் என்று கையேட்டில் ஒரு வரி இருந்திருக்கிறது. பிளம்பர் முடிதிருத்தும் கடையில் எனக்குத் தெரியாமல் பின்னால் நின்று கவனித்திருக்கிறார். ‘மாணவர் வரிசையில் முந்தினார். கேட்டதற்குத் தெரியாமல் நடந்தது என்றார். தெரிந்துதான் நடந்தது’ என்று கல்லூரிக்கு அறிக்கை போய்விட்டது. மாடி ஹாலில் நான் முதன்முதலாகப் பயிற்சிப் பிரசங்கம் செய்தபோது, போனை அணைத்துவைத்துவிட்டு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். ‘சொன்னதையே மூன்று தடவை சொன்னார். முதல் தடவையே புரிந்தது’ என்று அறிக்கை. அண்ணா, முப்பத்தொரு வருடம் எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று மூன்று தடவை சொல்லியே சம்பளம் வாங்கினவன் நான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு முதல் தடவை காதில் விழுமா? இதை விளக்கிச் சொன்னேன். “இங்க யாரும் ஓடலையே சார், உக்காந்துதான இருக்காங்க” என்றார்.

ஆன்லைன் வகுப்பாவது நிம்மதியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. முதல் வியாழக்கிழமையே, “ஐயா ஆரம்ப ஜெபம் பண்ணுங்க” என்று விரிவுரையாளர் சொன்னார். கண்ணை மூடி, தேசங்கள், தலைவர்கள், வியாதியஸ்தர், பிரயாணிகள் என்று ஒருவரையும் விடாமல் ஒன்பது நிமிடம் உருகி ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால் வகுப்பு இரண்டாம் பக்கம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. மைக்கை ஆன் செய்யவே இல்லை. வாழ்நாள் முழுவதும் மைக்கோடு குடும்பம் நடத்தியவனுக்கு இந்த நிலைமை. நான் மௌன தியானத்தில் இருக்கிறேன் என்று நினைத்து விரிவுரையாளர் இருபத்துமூன்று பேர் முன்னால் பாராட்டினார். நானும் தலையைத் தாழ்த்தி அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை அதுவும் காலண்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது.

தாங்க முடியாமல், என் வழிகாட்டியை மாற்றித் தாருங்கள், விண்ணப்பத்தில் ஒரு சிறு புரிதல் பிசகு நடந்துவிட்டது என்று கல்லூரிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. ‘ஐயா, உங்கள் வழிகாட்டியின் அறிக்கைகளை மாதிரி அறிக்கைகளாக மற்ற எல்லா வழிகாட்டிகளுக்கும் அனுப்பிவருகிறோம். நீங்கள் பாக்கியவான்.’ ஆக, முகம் தெரியாத இருபத்துமூன்று ஊர்களில் நான் முடிதிருத்தும் கடையில் வரிசையை முந்தினவன் என்று ஆகிவிட்டது.

இப்படியாகத்தான் ஏழாம் பாடம் வந்தது. தலைப்பு, ஒப்புரவாகுதல். யாரோடு பேச்சு முறிந்திருக்கிறதோ அவருக்கு மாணவர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டும். வழிகாட்டி அதைப் படித்து, இது மெய்யான ஒப்புரவுக் கடிதம் என்று அத்தாட்சிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் மேற்கொண்டு பாடம் கிடையாது, அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து. எனக்கு யாரோடும் மனஸ்தாபம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

“அண்ணன் ஒருத்தர் இருக்காராமே சார். அக்கா சொன்னாங்க.”

அக்கா என்று அவர் சொல்வது தங்கள் தம்பி மனைவியைத்தான். ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மகளின் கல்யாணத்தில் முடிவு ஜெபம் செய்யும்படி தாங்கள்தான் என்னைக் கேட்டுக்கொண்டீர்கள். நானாக வந்து மைக்கைப் பிடுங்கவில்லை. அதிகம் போனால் பதினோரு நிமிடம் ஜெபித்திருப்பேன். மாப்பிள்ளை வீட்டு முன்னோர்களுக்காக நன்றி செலுத்தி முடித்து, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக வேண்டத் தொடங்குகிறேன், அப்போது தாங்கள் முன் வரிசையிலிருந்து உரத்த குரலில் “ஆமென்” என்று சொன்னீர்கள். முந்நூறு பேரும் “ஆமென்” என்றார்கள். நாற்காலிகள் இழுபட்டன, எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். என் ஜெபத்தில் பிள்ளைகள் இன்னும் பிறக்கவும் இல்லை, நான் வாயை மூடவும் இல்லை. கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. கூட்டம் முழுவதும் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது, நான் ஒருவன் மட்டும் கண்ணை மூடிக் கையை உயர்த்தி நிற்கிறேன். ரயிலே வந்து நின்றாலும் என் அறிவிப்பை யாரும் குறுக்கே நிறுத்தியதில்லை அண்ணா. சொந்த அண்ணன் நிறுத்தினீர்கள். அன்று சாப்பிடாமல் கிளம்பி வந்தவன்தான் நான்.

ஆனாலும் பாடத்தின்படி தங்களை நான் மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன். எனக்கு இப்போது வருத்தமே இல்லை. அந்த ஆமென் கொஞ்சம் முந்தி விழுந்துவிட்டது என்று ஒரு கார்டில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், படிவத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வேன். வெள்ளிக்குள் வந்தால் நல்லது. தையல்காரரிடம் வெள்ளை அங்கிக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டேன். போதகர் பார்க்கும்போதெல்லாம், “கையெழுத்து ஆச்சா, கையெழுத்து ஆச்சா” என்று முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்கிறார்.

அண்ணிக்கு என் ஸ்தோத்திரங்களும், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதமும் சேரட்டும். தங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி.

பின்குறிப்பு: அண்ணா, பிளம்பர் இதைப் படித்துவிட்டார். எங்கள் சமையலறைத் தொட்டியின் அடியில் வேலையை நிறுத்திவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். கையைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

“இது மன்னிப்புக் கடிதம் இல்ல சார், புகார் மனு. அண்ணனுக்குப் போன வருஷம் நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சுன்னு அக்கா சொன்னாங்க. இத்தனை பக்கத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல நீங்க.”

“நல்லா இருப்பார்னு எழுதிருக்கேனே.”

“நீங்க முடிவு பண்ணிட்டா ஆச்சா சார்?”

கையெழுத்துப் போடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் தங்கள் மகளின் கல்யாண வீடியோவைத் தேடி எடுத்து, நேரத்தைக் குறித்து, அவர் முகத்துக்கு நேரே காட்டுவது என்று உட்கார்ந்தேன். பதினோரு நிமிடம் இல்லை அண்ணா. இருபத்தாறு. பதினாலாவது நிமிடத்தில் மாப்பிள்ளையின் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். நீங்கள் அவரைப் பார்க்கிறீர்கள், என்னைப் பார்க்கிறீர்கள், மறுபடி அவரைப் பார்க்கிறீர்கள். அப்புறமும் பன்னிரண்டு நிமிடம் பொறுத்திருக்கிறீர்கள். நானும் அந்த அம்மா உட்கார்ந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே பார்த்தேன், ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். முந்நூறு பேர் மூச்சு விடாமல் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், விட மனசு வரவில்லை. அதனால் மேலே எழுதினது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். தப்பு என் மேல்தான். கார்டும் எழுத வேண்டாம்.

இன்னொன்று. உங்களுக்கு ஆபரேஷன் நடந்த அன்று நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மூன்றாவது மாடி வரை வந்துவிட்டேன். வராந்தாவில் அண்ணி யாரிடமோ, “தம்பிக்குச் சொல்லியாச்சு, வருவார்” என்று சொல்வது கேட்டது. அந்தக் குரலுக்கு முன்னால் வந்து நிற்க வெட்கமாக இருந்தது, அப்படியே படியிறங்கிவிட்டேன். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று வீட்டில் பொய் சொன்னேன். இதைக் காலண்டருக்குப் பின்னாலும் யாரும் எழுதவில்லை. இப்போது எப்படி இருக்கிறீர்கள் அண்ணா? படி ஏறினால் நெஞ்சு வலிக்கிறதா? தூக்கம் வருகிறதா?

இந்தப் பின்குறிப்பைப் பிளம்பரிடம் காட்டவில்லை. காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். அப்புறம் கையெழுத்துக்காகத்தான் எழுதினேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். அதனால் அப்படியே உறையை ஒட்டுகிறேன். இந்த வருடம் நான் ஃபெயில், போதகரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன், வீட்டில் இருங்கள்.