தானாகத் திறக்கும் பக்கம்

"மொதல்ல உங்க பேர எழுதுங்க சார். அதுக்கு மேல அப்பா பேரு, அதுக்கும் மேல தாத்தா பேரு" என்றாள் நூலகர் போரா.

தாக் பியோங்சு பேனா மூடியைக் கழற்றவே இல்லை.

"கீழேர்ந்து மேல போறதெல்லாம் மத்தவங்களுக்கும்மா. நான் மேலேர்ந்து கீழ வர்றேன். மேல ஒரு மந்திரி இருக்கணும். எந்த அலமாரின்னு மட்டும் சொல்லு."

தேகு நகரப் பொது நூலகத்தில், 'உங்கள் வேரைத் தேடுங்கள்' வகுப்பில் உட்கார்ந்திருந்த மற்ற ஓய்வூதியக்காரர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தாத்தா பேரை யோசிக்க ஆரம்பித்தார்கள்.

பியோங்சு வங்கியில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் யேரிம், ஜூவோன் என்ற பையனைக் காதலித்தாள். அவன் குடும்பப் பெயரும் தாக்தான். ஆனால் பூர்வீகம் வேறு ஊர், பங்காளி இல்லை என்று விசாரித்துக்கொண்ட பிறகுதான் இரண்டு பேரும் காதலிக்கவே ஆரம்பித்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அவ்வளவு உஷார்.

உஷார் இல்லாதவர் பியோங்சுதான். ஜூவோனின் அப்பா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஃபோனில் முதல் தடவை பேசும்போதே, "எங்க வம்சத்துல ராஜா காலத்துத் தேர்வெழுதி ஜெயிச்சவங்க வரிசையா உண்டு. உங்க பக்கம் எப்படி?" என்று கேட்டுவிட்டார்.

"எங்க பக்கம் ஒரு மந்திரி" என்று பியோங்சுவின் வாய் சொல்லிவிட்டது. மந்திரி பெயர் என்ன என்பதைச் சனிக்கிழமை இரு வீட்டாரும் சந்திக்கும் விருந்தில் சொல்லியாக வேண்டும்.

உண்மையில் பியோங்சுவின் அப்பா சோமுன் சந்தையில் கருவாடு விற்றவர். வங்கியில் யாராவது கேட்டால் 'கடல் வணிகம்' என்பார் பியோங்சு.

அலமாரியில் சாங்னாம் ஊர்த் தாக் வம்ச நூல் கிடைத்தது. முதல் பாகத்திலேயே ஒரு மந்திரி தாடியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாகத்தை மேசையில் வைத்ததும் ஒரு பக்கம் தானாகவே திறந்துகொண்டது.

"பாத்தியாம்மா! ரத்தம் ரத்தத்தத் தேடி வருது!"

"பைண்டிங் தளந்து போயிருக்கு சார்" என்றாள் போரா.

அந்தப் பக்கத்தில் மந்திரியின் வழிவந்த முன்போ என்று ஒருவர் இருந்தார். அவர் பெயருக்குக் கீழே 'வாரிசு இல்லை' என்று போட்டிருந்தது. பியோங்சுவுக்கு அது காலிப் பணியிடமாகவே தெரிந்தது. தன் கொள்ளுத்தாத்தாவை அந்த இடத்தில் நியமித்தார்.

"வாரிசு இல்லன்னு போட்டிருக்கே சார்."

"எழுதினவன் சரியா விசாரிக்கல."

"உங்க குடும்பப் பதிவுல தல்சோன் ஊர்த் தாக்னுதானே இருக்கு?"

"அது குமாஸ்தா பண்ண தப்பு."

எண்ணிப் பார்த்தால் பியோங்சு மந்திரி வம்சத்தின் பதின்மூன்றாம் தலைமுறை. அதைப் பட்டுத்துணியில் தூரிகையால் எழுத வைத்து டிவிக்கு மேலே மாட்டினார்.

"இது யாருங்க, முன்போ?" என்று கேட்டாள் மனைவி மிரான்.

"என் கொள்ளுத்தாத்தாவோட அப்பா."

"போன வாரம் வரைக்கும் இவரு இல்லியே!"

சனிக்கிழமை வரை பொறுக்க முடியாமல் தலைமையாசிரியருக்கு ஃபோன் போட்டார்.

"சம்பந்தி! நாங்க சாங்னாம் ஊர்த் தாக். மந்திரியோட நேர் வாரிசு. நான் பதிமூணாவது தலைமுறை!"

பையன் வீட்டார் எந்த ஊர்த் தாக் என்று பியோங்சு இதுவரை கேட்டதில்லை. தன்னைப் பற்றிப் பேசவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

"நாங்களும் சாங்னாம்தான்" என்றார் தலைமையாசிரியர் மெதுவாக. "அதே மந்திரி. நான் பதினஞ்சாவது. அப்ப நீங்க எனக்குத் தாத்தா முறை. உங்க பொண்ணு என் பையனுக்குப் பாட்டி முறை."

"அது வந்து..."

"பாட்டி முறைய எப்படிங்க கட்டி வைக்கிறது? வச்சுடறேன், தாத்தா."

பியோங்சு ராத்திரியோடு ராத்திரியாக நடுவில் இரண்டு மூதாதையர்களைச் சேர்த்தார். காலையில் மறுபடி கூப்பிட்டார்.

"எண்ணினதுல தப்பு வந்துருச்சு சம்பந்தி. நானும் பதினஞ்சுதான்!"

"அப்ப நாம அண்ணன் தம்பி. பிள்ளைங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி. நேத்திக்குப் பாட்டியே தேவலாம் போலிருக்கு."

யேரிம் அன்று அலுவலகத்துக்குப் போகவில்லை. "அப்பா, ஜூவோன் ஃபோன் பண்ணி 'பாட்டி, சாப்பிட்டியா'ன்னு கேட்டான். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். எனக்கு அவன் வேணும். மந்திரிய நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அப்படி அழுது பியோங்சு பார்த்ததில்லை. பட்டுத்துணியைக் கழற்றிச் சுருட்டினார். நெஞ்சு வலித்தது, மகளுக்காகப் பாதி, மந்திரிக்காகப் பாதி.

மறுபடி நூலகம்.

"இந்தத் தடவை கீழேர்ந்து போவோமா சார்?" என்றாள் போரா. "உங்க வீட்ல உயிரோட இருக்கற மூத்தவங்க யாரு?"

ஒரு அத்தை இருந்தாள், அதே சந்தையில், அதே கருவாட்டுக் கடையில். துணை மேலாளரான நாளிலிருந்து அவர் கூப்பிட்டதில்லை.

"யாரு, கடல் வணிகமா?" என்று ஃபோனை எடுத்தாள் அத்தை.

"அத்தை, நாம யாரு?"

"இத்தன வயசுக்கு மேல கேக்கற கேள்வியாடா இது? உன் கொள்ளுத்தாத்தா சாங்னாம் மந்திரி வம்சத்து வீட்டுல மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சின அடிமை. விடுதலையானதும் எசமான் குடும்பப் பேரையே தனக்கும் வச்சுக்கிட்டாரு, தல்சோனுக்குப் போயிட்டாரு. ஊருக்கே தெரியும். உங்கிட்ட சொன்னா அழுவன்னு உங்கப்பன் சொல்லல."

போரா பழைய ஊர்க் குடிப்பதிவில் தேடிப் பார்த்து, அத்தை சொன்னது சரிதான் என்றாள். பியோங்சு அழவில்லை. அழாமல் இருக்கக் கூரையைப் பார்த்தார்.

சனிக்கிழமை உணவகத்தின் தனியறையில் சாப்பாடு தட்டுத் தட்டாக வந்து நிறைந்தது. தலைமையாசிரியர் குடும்பம் கஞ்சி போட்ட சட்டைபோல் விறைப்பாக உட்கார்ந்திருந்தது. யேரிம் ஜூவோனைப் பார்க்காமல் முள்ளங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பியோங்சு எழுந்து குனிந்து வணங்கினார்.

"நான் சொன்னது பொய். நாங்க மந்திரி வம்சம் இல்ல. மந்திரி வீட்டுல மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சின அடிமை வம்சம். பங்காளி கிடையாது. பிள்ளைங்க கட்டிக்கலாம்."

யேரிம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியர் விலாக்கறியைப் பொறுமையாக மென்று முடித்தார்.

"அடிமை" என்றார். "ரத்தம் பொய் சொல்லாது பாருங்க. ஃபோன்ல உங்க பேச்சக் கேட்டப்பவே எனக்கு லேசா ஒரு சந்தேகம். ஆனா மந்திரி வீட்டுக்குள்ள மாட்டுக் கொட்டாயா? யோசிக்கணும். இதுவும் பொய்யில்லன்னு யாரு சொல்லுவா?"

"ஆள் வருது சம்பந்தி. எனக்குச் சொல்லிக் கொடுத்த நூலகரம்மாவையே சாட்சிக்கு வரச் சொல்லியிருக்கேன்."

தலைமையாசிரியரின் சாப்பாட்டுக் குச்சிகள் பாதி வழியில் நின்றன.

"எந்த நூலகம்?"

"நம்ம பொது நூலகம்தான்."

"ஐயையோ, அதெல்லாம் எதுக்குங்க!" தலைமையாசிரியர் அவசரமாக எழுந்து பியோங்சுவின் கிண்ணத்தில் மதுவை ஊற்றினார். "நான் நம்பறேன்! அடிமையா இருந்தா என்ன, மனுஷன் மனுஷன்தானே! அந்தம்மாவ வர வேண்டாம்னு சொல்லுங்க. கல்யாணத்த அடுத்த மாசமே வச்சுக்கலாம். சொல்லுங்க, இப்பவே ஃபோன் பண்ணுங்க!"

பியோங்சுவுக்குக் கண் கலங்கியது. மந்திரி ரத்தம் என்றால் இதுதான், என்ன பெருந்தன்மை என்று நினைத்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

கதவு நகர்ந்தது. போரா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தவள், தலைமையாசிரியரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"அட, ஹெட்மாஸ்டர் சார்! போன வருஷ வகுப்புல அந்த முன்போ பக்கத்த விரிச்சு விரிச்சு நகல் எடுத்து பைண்டிங்கையே உடைச்சீங்களே, அவருக்கு நீங்க சேத்த வாரிச உங்க வீட்ல ஏத்துக்கிட்டாங்களா?"